சுவரில் தெரியும் நீலம் ஈரமா, வெறும் குளிரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு வாங்கும்போதும் பழைய வீட்டைத் திருத்தும்போதும் 'தேர்மல் கமரா' கொண்டுவந்து சோதித்துச் சொல்லும் வேலை வன்னிப் பக்கத்திலும் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. "கமரா வைச்சுப் பாத்திட்டு அட்வான்ஸ் குடுங்கோ" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். சொல்வதில் பிழையில்லை. ஆனால் வீட்டுக்காரரின் கையில் கடைசியில் வந்து சேர்வது நாலைந்து வர்ணப் படமும், "நீலம் எண்டால் ஈரம், சிவப்பு எண்டால் ஆபத்து" என்ற ஒரு வரி விளக்கமும்தான். அதை நம்பிச் சுவர் முழுக்க ஈரத்தடுப்புப் பூச்சு அடிப்பதற்கு முன்னர், இந்தக் கமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது, எந்த நேரத்தில் பொய் சொல்லும் என்பதை எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒன்று. இந்தக் கமரா சுவருக்குள்ளே பார்ப்பதில்லை. 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் வரும் வெப்பக் கதிரைப் பிடித்து, மேற்பரப்பின் வெப்பநிலையைக் கணித்து, அதற்கு ஒரு நிறம் பூசுகிறது. அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் இருந்தாலும் கம்பி சூடேறினாலும், அதன் விளைவு மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே தெரியும். கண்ணாடிக்கு ஊடாகவும் பார்க்காது. யன்னல் கண்ணாடியைப் படமெடுத்தால் எடுப்பவரின் உருவமே அதில் மங்கலாக விழும்.

நிறத்தில்தான் பெரிய ஏமாற்று. தானியங்கி அளவில் விட்டால், படத்துக்குள் எது ஆகக் குளிரோ அது நீலம், எது ஆகச் சூடோ அது சிவப்பு. இரண்டுக்கும் இடையில் ஒரு பாகை வித்தியாசம்தான் என்றாலும் படம் அப்படித்தான் வரும். ஒரே சுவரை 29.8 முதல் 31.0 பாகை வரையான அளவில் எடுத்தால் பெருவெள்ளம் வந்து போனது போலிருக்கும். அதையே 25 முதல் 40 பாகை என்று நிறுத்தி எடுத்தால் ஒரே பச்சையாக வரும். ஆகவே படத்தின் ஓரத்தில் நிற்கும் மேல் கீழ் இரண்டு எண்களையும் முதலில் வாசியுங்கள். எண் இல்லாத படத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் எங்கள் காலநிலை. இந்த முறை வளர்ந்தது குளிர் நாடுகளில். அங்கே வீட்டுக்குள் சூடு, வெளியே உறைபனி. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 பாகை வித்தியாசம் இருந்தால்தான் சுவர்ச் சோதனை செய்ய வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. கதவு யன்னல் திறந்து கிடக்கும் வன்னி வீட்டில் உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒன்றுதான். எங்களுக்கு வெயில்தான் அடுப்பு. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஈரமான இடம் மற்ற இடத்தைவிட மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பம், ஒரு கிலோ கொங்கிறீட்டுக்கு வேண்டியதைப் போல நாலு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியில்தான் கமராவுக்கு வேலை. மப்பு மூடிய நாளில், பகல் முழுக்க மழை தூறும் நாளில் கமராவைத் தூக்கிக்கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பலாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று வறண்டிருக்கும். ஈரச் சுவரிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்த இடம் பக்கத்துக் காய்ந்த இடத்தைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்து தெளிவாகத் தெரியும். மாரியில், வாடைக் காற்றோடு ஈரப்பதன் உச்சத்தில் நிற்கும்போது ஆவியாதல் நின்றுவிடும். அப்போது நன்றாக நனைந்த சுவரும் காய்ந்த சுவரும் ஒரே நிறத்தில் வரும். ஈரம் ஆகக் கூடிய காலத்தில் கமரா ஆகக் குறைவாகக் காட்டும் என்பதைச் சொல்லாமல் "உங்கட வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை" என்று மார்கழியில் எழுதிக் கொடுக்கும் அறிக்கைக்குப் பெறுமதி இல்லை. மழை விட்டு, இரண்டு நாள் வெயில் எறித்த பிறகு பார்ப்பதுதான் சரி.

சுவரில் நீலமாகத் தெரிவதில் ஈரமல்லாதவை பல. நிலத்தோடு ஒட்டிய அடிச்சுவர் எந்த வீட்டிலும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், நிலம் வெப்பத்தை இழுப்பதால். அத்திவாரத்தின் மேலுள்ள ஈரத்தடுப்புப் படை பழுதாகித் தண்ணீர் ஏறுகிறதா என்று அறிய, வீட்டின் நடுவிலுள்ள உட்சுவரின் அடியையும் வெளிச்சுவரின் அடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் ஒரே அளவு குளிர்ந்திருந்தால் அது பெரும்பாலும் நிலக் குளிர். வெளிச்சுவரில் மட்டும் கோணல்மாணலாக முழங்கால், இடுப்பு உயரத்துக்கு ஏறி, மேல் விளிம்பில் உப்புப் பூத்திருந்தால் அது ஏறும் ஈரம்.

பூசாத சீமெந்துக் கல் சுவரில் கல்லும் இணைப்புச் சாந்தும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதால் படம் வலை விரித்தது போல வரும். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவியோடு பயனாளிகளே கட்டிய வீடுகளில், பூச்சு முடியாமல் குடிபுகுந்தவற்றில் இதைப் பார்க்கலாம். அது குறையல்ல.

வன்னிக்கென்றே உள்ள இன்னொன்று, போர்க்காலத்தில் செல் (எறிகணை) பட்ட ஓட்டைகளை அடைத்த இடங்கள். பழைய செங்கற் சுவரில் புதுச் சீமெந்துக் கல்லும் கொங்கிறீட்டும் வைத்து அடைத்து மேலே பூசியிருப்பார்கள். கண்ணுக்கு ஒரே சுவர். கமராவுக்கு அந்த இடம் வட்டமாகவோ சதுரமாகவோ வேறு நிறத்தில் தெரியும். விளிம்பு கூராக, கோடு போட்டது போலிருந்தால் பொருள் வேறுபாடு; முகில் கரைவது போல மங்கி மறைந்தால் ஈரம். இது முழு நம்பிக்கையான விதியல்ல, ஆனாலும் பத்தில் எட்டுக்குக் கை கொடுக்கும். அடைத்த ஓட்டையை ஈரம் என்று சொல்லிப் பூச்சைக் கொத்தச் சொன்னால், கொத்துகிறவருக்கு மட்டும்தான் இலாபம்.

அதனால் கமரா காட்டிய இடத்தை இரண்டாவது ஒரு முறையால் உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். இரண்டு ஊசி குத்தும் ஈரமானி மரத்துக்கென்று அளவு செய்யப்பட்டது. சீமெந்துச் சுவரில் அது தரும் எண்ணை வீதமாக எடுக்கக்கூடாது. அதே சுவரில் காய்ந்த இடத்து எண்ணோடு ஒப்பிடத்தான் உதவும். சுவரில் உப்பிருந்தால் காய்ந்த இடத்திலும் அது கூட்டிக் காட்டும். 2018 டிசெம்பர் வெள்ளம் நின்ற வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்: சுவரில் தங்கிய உப்பு, மாரிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கசியும், குழாயிலோ கூரையிலோ கோளாறு இருக்காது.

ஈரமானி இல்லாவிட்டால் காசில்லாத வழி ஒன்றுண்டு. 45 சென்ரிமீற்றர் சதுரத்தில் தெளிவான பிளாஸ்ரிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் ரேப் ஒட்டி, 24 மணித்தியாலம் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் காற்றிலிருந்து.

கொங்கிறீட் மேல்தட்டுத்தான் கமராவுக்கு நல்ல களம். ஐந்து அங்குலத் தட்டு மேலே வாங்கிய வெயில், கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று நாலு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே வெயில் நாளில் பின்னேரம் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் அறைக்குள் நின்று தட்டின் அடியைப் பார்க்க வேண்டும். ஊறிய இடம் சூடேறாமல் பின்தங்கி நிற்கும். உத்திரமும் தடிப்பு என்பதால் குளிராகத்தான் தெரியும், ஆனால் அது நேர்கோடு. இரவு ஏழு எட்டு மணிக்கு மேல் தட்டின் மேற்பக்கத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகலாம்: பகலில் சேர்த்த வெப்பத்தை ஈரம் பிடித்து வைத்திருப்பதால் அதே இடம் சூடாகத் தெரியும். காற்று அடித்தால் அதுவும் மாறும். நேரம் குறிக்காத படத்தில் சூடு, குளிர் இரண்டில் எது ஈரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர் கட்டிப் பாருங்கள். வடிகால் துவாரத்தை அடைத்து, ஓரத்தில் சாந்தால் வரம்பு கட்டி, 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணித்தியாலம் விட வேண்டும். கட்டுவதற்கு முன் ஒரு படம், கட்டிய பின் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு படம், எல்லாம் ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில். புதிதாக முளைக்கும் குளிர்ப்பொட்டுத்தான் ஒழுக்கு. 25 மில்லிமீற்றர் தண்ணீர் சதுர மீற்றருக்கு 25 கிலோ. நல்ல தட்டுக்கு அது பாரமேயில்லை. கம்பி துருத்தித் துருப்பிடித்து, அடிப்பூச்சு உதிர்ந்து, நடுவில் தொய்ந்த தட்டில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அந்தத் தட்டுக்குக் கமராவும் தேவையில்லை, பொறியியலாளர் தேவை.

ஓட்டுக்கூரைக்குக் கமரா வீண் செலவு. நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் உடைந்த ஓட்டுக்குள்ளால் வெளிச்சம் விழும். மிச்சத்துக்குக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம், முகட்டிலிருந்து அல்ல, கீழ் வரிசையிலிருந்து மேலே.

சீற் கூரைக்குக் கீழே பளபளப்பான அலுமினியத் தாள் விரித்துவிட்டு, "பாருங்கோ, கமராவில எவ்வளவு குளிர்" என்று காட்டுவதும் உண்டு. இது சுத்தப் பொய்யாக முடியக்கூடிய காட்சி. பள்ளிப் பாடநூலில் காலற்றிறன் என்றும் கமராவின் பட்டியலில் எமிசிவிற்றி என்றும் வரும் ஒரு அளவு இருக்கிறது; ஒரு மேற்பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடும் என்பதை அது சொல்லும். சீமெந்துப் பூச்சுக்கும் சாதாரணப் பெயின்ற்றுக்கும் அது 0.9 ஐ அண்டியது. மினுங்கும் அலுமினியத்துக்கு 0.1 க்கும் குறைவு. அதாவது அலுமினியம் தன் சூட்டைக் காட்டாது, எதிரிலிருக்கும் தரையின் சூட்டைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். தாளில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, ரேப்பின் மேல் அளவெடுங்கள். அதுதான் தாளின் உண்மையான சூடு. அலுமினியத் தாள் வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. மேலே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி விட்டு விரித்தால் நன்றாகவே வேலை செய்யும். நிரூபிக்கும் விதம்தான் பிழை. புதுத் தகரக் கூரையைத் தெளிந்த இரவில் வெளியிலிருந்து எடுத்தால் வானத்தின் குளிரைத் திருப்பிக் காட்டி, கிளிநொச்சியில் பனி உறைந்தது போல ஒரு எண் வரும்.

இனி மின்சாரம். எங்களைக் கேட்டால், ஒரு வீட்டுக்கு ஒரேயொரு தடவைதான் கமரா கொண்டுவர முடியும் என்றால் அதை முதலில் டீ.பி. என்று சொல்லப்படும் விநியோகப் பெட்டிக்குத்தான் திருப்ப வேண்டும். ஈரத்தைக் கண்டுபிடிக்க வேறு வழிகள் உண்டு. தளர்ந்த இணைப்பைத் தீப்பிடிக்கு முன் காட்டித்தரும் வழி வேறு அதிகமில்லை.

இங்கே செய்யும் பெரிய பிழை, வீட்டில் ஒன்றும் ஓடாத நேரத்தில் படமெடுப்பது. மின்னோட்டம் இல்லாவிட்டால் சூடு இல்லை. சுற்றின் அளவில் குறைந்தது 40 வீதம் ஓட வேண்டும். 20 அம்பியர் பிரேக்கர் என்றால் 8 அம்பியர். 2000 வாற்று மின் அடுப்பில் ஒரு பானை தண்ணீரை வைத்து ஓடவிட்டால், 230 வோல்ற்றில் 8.7 அம்பியர் இழுக்கும், அது போதும். கேத்தில் சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அயன் பெட்டி விட்டுவிட்டு வேலை செய்யும். இரண்டும் சோதனைக்கு உதவாது. அரை மணித்தியாலம் ஓடியபிறகு, கிளாம்ப் மீற்றரால் எத்தனை அம்பியர் ஓடுகிறது என்று அளந்து எழுதிக்கொண்டு, அதன்பின் படம்.

பெட்டியின் பிளாஸ்ரிக் மூடிக்கு ஊடாகவும் கமரா பார்க்காது. முன்தட்டைக் கழற்ற வேண்டும். அப்போது உள்ளே மின்சாரம் இருக்கும். ஆகவே கழற்றுபவர் தகுதி பெற்ற மின் வேலைக்காரராக இருக்க வேண்டும், காலில் காய்ந்த செருப்பு, கையில் கையுறை, பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. மின்சார சபையின் முத்திரை போட்ட மீற்றர் பெட்டியை எவரும் தொடக்கூடாது. அதில் சூடு தெரிந்தால் சபைக்கு அறிவிப்பது மட்டும்தான் வழி.

படத்தில் பார்ப்பது எண்ணை அல்ல, வடிவத்தை. வயரை இறுக்கும் ஆணியில் ஆகக் கூடிய சூடு, அங்கிருந்து வயர் வழியே போகப்போகக் குறைகிறது என்றால் இணைப்புத் தளர்வு. வயர் முழு நீளத்துக்கும் ஒரே சூடு என்றால் வயரின் தடிப்புப் போதாது அல்லது சுமை கூட. பிரேக்கரின் உடல் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அது இயல்பு. உள்ளே வெப்பத்தால் வளையும் தகடு இருக்கிறது, அது சூடாகத்தான் வேண்டும். ஒரே சுமையில் ஓடும் இரண்டு ஒரேமாதிரி இணைப்புகளுக்கிடையில் 1 முதல் 3 பாகை என்றால் குறித்து வைத்து அடுத்த முறை பார்க்கலாம், 4 முதல் 15 என்றால் நாள் குறித்துத் திருத்த வேண்டும், 15 ஐத் தாண்டினால் அன்றைக்கே மெயினை நிறுத்த வேண்டும். இதில் ஒரு கணக்கும் உண்டு. பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 8.7 அம்பியரில் 8 பாகை கூடக் காட்டும் ஆணி, தண்ணீர் மோட்டரும் சேர்ந்து ஓட்டம் இருமடங்கானால் 30 பாகையை எட்டலாம். பி.வி.சி. உறையின் எல்லை 70 பாகை. பங்குனி, சித்திரையில் பெட்டிக்குள் வெறுமனே 40 பாகை இருக்கும்போது அந்த 30 ஐக் கூட்டிப் பாருங்கள்.

தளர்வதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். 7/0.67 என்று குறிக்கும் வயரின், 0.67 மில்லிமீற்றர் தடிப்பான ஏழு இழையில் இரண்டை வெட்டிவிட்டு ஓட்டைக்குள் திணிப்பது. ஒரு ஆணிக்குக் கீழே தடித்த வயரும் 1/1.13 என்ற மெல்லிய ஒற்றை இழை வயரும் ஒன்றாக இறுக்குவது; தடித்தது பிடிபடும், மெல்லியது ஆடும். உறையைப் போதியளவு சீவாமல் ஆணி பிளாஸ்ரிக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது. நியூற்றல் கட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; சூடான ஆணி அங்கேயும் அகப்படும். மினுங்கும் செம்பு, பித்தளைக் கட்டைகளும் அலுமினியத் தாளைப் போல குறைத்துக் காட்டுவதால், அளவை உலோகத்தில் எடுக்காமல் அதையொட்டிய வயர் உறையில் எடுக்க வேண்டும்.

சூடான ஆணியை அப்படியே ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போவது மருந்தல்ல. மெயினை நிறுத்தி, ரெஸ்ரரால் மின்சாரம் இல்லையென்று உறுதி செய்து, கறுத்த நுனியை வெட்டி, பளிச்சென்ற செம்பு வரும்வரை சீவி, புதிதாகப் பொருத்தி, பிரேக்கரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். பிரேக்கரின் வாய் பழுப்பேறியிருந்தால் பிரேக்கரையே மாற்ற வேண்டும். பிறகு அதே அடுப்பு, அதே அரை மணித்தியாலம், அதே இடத்திலிருந்து இரண்டாவது படம்.

கறையான் பிடிக்கும் கமரா என்று சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உயிருள்ள பெரிய புற்று ஒன்று மரத்துக்குள் இருந்தால் விடியற்காலையில் சிறு சூடு தெரியக்கூடும். எங்கள் வெக்கையில் அது மறைந்துவிடும். ஸ்குறூ டிறைவரின் பிடியால் வளையையும் நிலையையும் தட்டிக் கேட்பது மேல். சூரியத் தகடுகளுக்கு உதவும், ஆனால் உச்சி வெயிலில், இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்.

கமராவின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் செருகும் சின்னக் கமராக்கள் சில 80 க்கு 60 புள்ளி மட்டுமே கொண்டவை. பார்வைக் கோணம் 45 பாகை என்றால் ஒரு மீற்றர் தூரத்தில் 83 சென்ரிமீற்றர் அகலம் 80 புள்ளிக்குள் வரும். புள்ளி ஒன்றுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல். நம்பத்தக்க அளவுக்கு மூன்றுக்கு மூன்று புள்ளியாவது அந்தப் பொருளின் மேல் விழ வேண்டும். பிரேக்கர் ஆணியின் தலை ஒரு சென்ரிமீற்றர்கூட இராது. ஒரு மீற்றரில் நின்று எடுத்தால் ஆணியின் சூடும் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கின் குளிரும் கலந்த ஒரு சராசரிதான் கிடைக்கும். 60 பாகை ஆணி 42 என்றுகூடக் காட்டலாம். 30 சென்ரிமீற்றருக்கு நெருங்க வேண்டும், அல்லது 160 க்கு 120 புள்ளிக் கமராவோடு 60 சென்ரிமீற்றருக்காவது நெருங்க வேண்டும். ஈரம் பார்க்க, 0.05 பாகை வித்தியாசத்தையும் உணரும் கமரா நல்லது.

அறிக்கை கேட்கும்போது, திகதியும் நேரமும், முந்திய இரண்டு நாள் மழை வெயில், உள், வெளி வெப்பநிலை, ஈரப்பதன், ஓடிய அம்பியர், எமிசிவிற்றி எண், நின்ற தூரம் இவற்றை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெப்பப் படத்துக்கும் பக்கத்தில் அதே இடத்தின் சாதாரணப் படமும், உறுதிப்படுத்திய இரண்டாவது சோதனையின் முடிவும் இருக்க வேண்டும். இதைக் கேட்டவுடன் முகம் சுழிப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. மின் வேலைக்காரருக்கும் மேசன்மாருக்கும் சனி, ஞாயிறில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றை அங்கே நடத்தலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 160 க்கு 120 புள்ளிக் கமரா ஒன்றை வாங்கி நாள் வாடகைக்கு விடலாம். ஒரு வீட்டுக்கு வருடத்தில் அரை நாள்தான் அது தேவைப்படும்.

இந்த வருடம் பார்க்க நினைப்பவர்கள் டீ.பி. பெட்டியைப் புரட்டாதி வெக்கைக்குள்ளேயே பார்த்துவிடுங்கள். மேல்தட்டை முதல் மழை இரண்டு மூன்று பெய்து, இடையில் வெயில் எறிக்கும் ஐப்பசி நாட்களில் பார்க்கலாம். கார்த்திகை பிறந்துவிட்டால் தைக்குப் பிறகுதான்.

கட்டிட, மின் பரிசோதனைப் பணியில் உள்ளவர்கள்,
கிளிநொச்சி